சண்டை போடாதவளின் எண்

“தொண்ணூத்திமூணு எடுத்த நான் எழுபத்திரண்டாவது. எழுபத்தொண்ணு எடுத்த நீ முப்பத்தெட்டாவது. இன்னாம்மே இது? எந்த ஆபீசருக்கு இன்னா பொரிச்சுக் குடுத்த?”

“யோவ் கௌதம், நாக்கை அளந்து பேசு. பட்டியல ஒட்டுனது வாரியம். அவங்க கையப் புடிச்சு நானா எழுதுனேன்?”

“கையப் புடிச்சியோ காலப் புடிச்சியோ, யாரு கண்டா!”

“ஆமாய்யா, உன் காலத்தான் புடிக்கல. அதான் உனக்கு எரியுது!”

அலைமேடு நான்காம் தொகுதியின் கீழ்த்தளத்தில் இப்படிச் சத்தம் கேட்டால் நாங்கள் யாரும் பதறமாட்டோம். படகு மோட்டார் மெக்கானிக் கௌதமும், துணி தேய்ப்புக் கடை மோனிஷாவும் பேசிக்கொள்கிறார்கள் என்று பொருள். அவன் மனைவியை இழந்தவன். அவள் கணவனைத் துரத்தியவள். வாரத்துக்கு இரண்டு தடவையாவது மோதிக்கொள்வார்கள். மறுநாள் காலையில் இருவரில் ஒருவர் கிண்ணத்தோடு மற்றவர் வாசலில் நிற்பார். எங்கள் கட்டடத்தில் மன்னிப்பு என்று யாரும் வாயால் கேட்கிற வழக்கமில்லை. போய்க் காப்பித்தூள் கேட்போம். கொடுத்துவிட்டால் முடிந்தது. இந்த இரண்டு பேரும் பரிமாறிக்கொண்ட காப்பித்தூளில் ஒரு ஹோட்டலே நடத்தியிருக்கலாம். அதில் வேறு என்னவோ இருக்கிறது என்று நான் ஆறு மாதமாகச் சொல்லி வருகிறேன். யார் கேட்கிறார்கள்?

அன்று வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டரை மணி. குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறது என்று சொல்லக் குடிநீர்ப் புகார் எண்ணுக்கு அழைத்து, யாரும் எடுக்காமல் போகவே, மூன்றாம் மாடியிலிருந்து தற்செயலாக இறங்கி வந்தேன். தற்செயலாக மூக்குக்கண்ணாடியும் கையில் இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கடல் ஊருக்குள் வந்த பிறகு, கரையோரத்தில் இருந்த ஏழு குப்பத்து ஆட்களையும் நாலு தெரு ஆட்களையும் அள்ளிக்கொண்டுவந்து ஒரே கட்டடத்தில் போட்டார்கள். முதல் வருடமே மண்டைகள் உடைந்தன. மறுகுடியமர்வு வாரியம் பல வருடம் யோசித்தது. ஒவ்வொரு மாடிப்படி முகப்பிலும் ஒரு கருவியைப் பொருத்தியது. அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. நாங்கள் ‘காது’ என்போம். குரல் ஓர் அளவுக்கு மேல் உயர்ந்து ஒரு நிமிடம் நீடித்தால் அது தகராறு. முதலில் குரல் உயர்த்தியவர் பெயரில் ஒன்று ஏறும். முப்பது நாளுக்குள் அதே இரண்டு குரல்களும் காதின் முன் சாதாரணமாக ஒரு நிமிடம் பேசிக்கொண்டால் அது சமாதானம். நடித்தால் காதுக்குத் தெரிந்துவிடும்.

ஆரம்பித்த தகராறுகளில் எத்தனை நூற்றுக்கு எத்தனை சமாதானத்தில் முடிந்தன என்பதுதான் ஒருவருடைய ‘இணக்க எண்’. சண்டை போடாதே என்று வாரியம் சொல்லவில்லை. போட்டால் சேர்ந்துகொள் என்றது. ஒரு வாரியத்துக்கு இவ்வளவு அறிவு இருந்ததே என்று அப்போது நாங்களே மெச்சினோம்.

இப்போது கட்டடத்தில் விரிசல். சனிக்கிழமை காலை மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்திவிடுவார்கள். பக்கத்திலேயே புதுக் கட்டடம் தயார். ஆனால் அதில் நூற்றிருபது வீடுகள்தான். நாங்கள் நூற்று அறுபத்துமூன்று குடும்பங்கள். இணக்க எண் வரிசையில் முதல் நூற்றிருபது பேருக்கு வீடு. மீதிப் பேருக்குச் செய்யாறைத் தாண்டி ஏதோ ஒரு பொட்டல்காட்டில் இடம். நாற்பதுக்குக் கீழே எடுத்தவர்களுக்கு அதுவும் கிடையாது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் தானாகப் பூட்டிக்கொள்ளும். பிறகு சாவி. அதற்குமுன் ஒவ்வொருவரும் சாவி இயந்திரத்தில் கை வைத்துப் பச்சை விளக்கு வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இயந்திரத்தின் பக்கத்தில் மேசை போட்டு வாரியத்து அதிகாரி ஹரிணி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். கௌதமும் மோனிஷாவும் கத்துவதைத் தலையில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மேடம், எனக்கு மட்டும் சிவப்பு வருது” என்றது ஒரு குரல்.

யாரென்று திரும்பிப் பார்த்தோம். சுகிர்தா. காலை பத்து மணியிலிருந்து அங்கேதான் நின்றிருக்கிறாள். யாரும் கவனிக்கவில்லை.

சுகிர்தா என் எதிர் வீட்டுக்காரி. பதினோரு வருடமாக என் கதவுக்கு நேரே அவள் கதவு. தனியாள். வீட்டிலேயே கணினி முன் உட்கார்ந்து யாரிடமோ பேசுகிற வேலை. எந்த நிறுவனம் என்று நானும் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். “சொல்லக்கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்கக்கா” என்பாள். பதினோரு வருடம் எதிரில் இருந்துகொண்டு ஒருத்தி எங்கே வேலை பார்க்கிறாள் என்று தெரியாமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று உங்களுக்குப் புரியும். அந்த வருத்தத்தில் நாலு இடத்தில் நாலு விதமாகப் பேசியிருப்பேன். அதை விடுங்கள்.

ஹரிணி திரையைப் பார்த்தாள். “எழுபதாவது பேர் உங்களோடது. வீடு ஒதுக்கியிருக்கு. ஆனா எண் கட்டத்துல... நீங்க தகராறே பண்ணதில்லையா?”

“இல்ல மேடம்.”

“ஒண்ணுகூட?”

“இல்ல மேடம்.”

கௌதம் திறந்த வாயை மூடவில்லை. அந்தக் கட்டடத்தில் பதினோரு வருடம் சண்டையே போடாமல் ஒரு மனுஷி! “உடம்புக்கு ஏதாவதாடி?” என்று மோனிஷா அக்கறையாகவே கேட்டாள்.

“சமாதானம் பூஜ்யம், தகராறு பூஜ்யம்” என்றாள் ஹரிணி. “பூஜ்யத்தைப் பூஜ்யத்தால வகுத்தா என்ன வரும்?”

“பூஜ்யம்” என்றான் கௌதம்.

“ஒண்ணு” என்றாள் மோனிஷா.

“பள்ளிக்கூடம் போனியாம்மே நீ?”

“ரெண்டும் இல்ல” என்று ஹரிணி கையை உயர்த்தினாள். “முழு எண்ணா இருந்தா கணினி நிரல் அங்கயே நின்னு கத்தியிருக்கும். இது தசமக் கணக்கு. அந்த இடத்துல ‘இது எண் இல்லை’ன்னு ஒரு குறியைப் போட்டுட்டுப் பேசாம தாண்டிப் போயிடும். அந்தக் குறிக்கு ஒரு குணம் இருக்கு. எதோட ஒப்பிட்டுக் கேட்டாலும் பதில் ‘இல்லை’தான். நாற்பதை விடக் கம்மியா? இல்லை. நாற்பதோ அதுக்கு மேலயோ? இல்லை. நீயும் நீயும் சமமான்னு கேட்டாக்கூட இல்லைன்னுதான் சொல்லும். கிட்டத்தட்ட எல்லா நிரல் மொழியிலயும் ரொம்பக் காலமா இப்படித்தான்.”

“தனக்குத் தானே சமமில்லையா? நல்லா இருக்கே ஞாயம்” என்றேன் நான்.

“பட்டியல் போட்ட நிரல்ல ‘நாற்பதுக்குக் கீழயா, தள்ளு’ன்னு எழுதியிருக்கான். பதில் இல்லைன்னு வந்துச்சு, தள்ளல. சாவி இயந்திரத்துல இன்னொருத்தன் ‘நாற்பதும் அதுக்கு மேலயுமா, கொடு’ன்னு எழுதியிருக்கான். அதுக்கும் பதில் இல்லை. கொடுக்கல. நமக்கு ரெண்டும் ஒரே பேச்சு. இவங்க விஷயத்துல மட்டும் ஒண்ணு வீடு உண்டுங்குது, இன்னொண்ணு சாவி இல்லைங்குது.”

“சரி, நான் எப்படி எழுபத்திரண்டுக்குப் போனேன்?” கௌதமுக்கு அவன் கவலை.

“பட்டியல்ல ஒவ்வொருத்தரும் குடிவந்த வரிசைப்படி வந்து, முன்னால நிக்கறவரைப் பார்த்து ‘உன் எண் என்னோடதை விடக் கம்மியா’ன்னு கேட்கணும். ஆமான்னா தாண்டி முன்னால போகலாம். இல்லைன்னா அங்கயே நிக்கணும். நீங்க எல்லாரையும் தாண்டி வந்து இவங்க முதுகுக்குப் பின்னால நின்னு கேட்டிருக்கீங்க. பதில் இல்லைன்னு வந்துச்சு. இவங்களுக்கு அப்புறம் குடிவந்த ஒருத்தராலயும் இவங்களைத் தாண்ட முடியல. சில மொழிகள் வரிசை போடறப்ப மட்டும் இந்தக் குறியைத் தூக்கிக் கடைசியில வெச்சிடும். நம்ம பட்டியல் எழுதின மொழி அப்படி வைக்காது.”

அதாவது நூற்று அறுபத்துமூன்று குடும்பத்துக்கும் நடுவில் சுகிர்தா ஒரு தூண் மாதிரி நின்றிருக்கிறாள். அவளுக்கு முன் குடிவந்த அறுபத்தொன்பது பேர் ஒரு பக்கம், பின்னால் வந்தவர்கள் மறுபக்கம். இந்தப் பக்கத்து மட்டமான எண்கூட அந்தப் பக்கத்து உயர்ந்த எண்ணுக்கு முன்னால்.

“அப்போ அந்தப் பேரை எடுத்துடுங்க மேடம்” என்றது கூட்டத்தில் ஒரு குரல். “ஆமா, ஒருத்திக்காக எல்லாரும் சீரழியறதா?” என்றது இன்னொன்று. யார் என்று எனக்குத் தெரியும். இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது.

சுகிர்தா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய செருப்பு வார் அறுந்து ஊக்கு போட்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

“நிரலைத் திருத்த மூணு மாசம் ஆகும்” என்றாள் ஹரிணி. “நான் கையால ஒரு எண் போட முடியாது, போட்டா என் வேலை போயிடும். ரெண்டே வழி. ஒண்ணு, குடியிருப்போர் சங்கச் செயலாளர் கையெழுத்து வாங்கி இவங்க பேரை எடுத்துடலாம். இல்லைன்னா, அஞ்சு மணிக்குள்ள இவங்களுக்கு நிஜமா ஒரு எண் வரணும்.”

“எண் வரணும்னா?”

“இவங்க ஒரு தகராறை ஆரம்பிக்கணும். அதை முடிக்கணும்.”

சங்கச் செயலாளர் யார் என்று நீங்கள் கேட்கவில்லை. நான்தான். எட்டு வருடமாக நான்தான். வேறு யார் வீடு வீடாகப் போய் விசாரிப்பார்கள்?

ஹரிணி என்னைத் தனியே அழைத்துத் தன் கைத்திரையைக் காட்டினாள். “வினோதினிம்மா, நீங்க குடிவந்தது இவங்களுக்கு முன்னால. அதனால அறுபத்தொரு எண்ணை வெச்சுக்கிட்டு இப்போ ஐம்பத்திரண்டாவது இடத்துல இருக்கீங்க. இவங்களை எடுத்துட்டு ஒழுங்கா வரிசை போட்டா நீங்க நூற்றிருபது. கடைசி வீடு.”

“எடுக்காம, அவளுக்கு நல்ல எண் வந்துட்டா?”

அவள் பெயர் நீக்கும் படிவத்தை என் கையில் கொடுத்தாள். எனக்கும் அந்த அளவு கணக்குத் தெரியும். நூற்றிருபத்தொன்று. செய்யாறு.

படிவத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மூன்று மணியிலிருந்து எங்கள் கட்டடமே சேர்ந்து சுகிர்தாவைச் சண்டைக்கு இழுத்தது. அப்படி ஒரு கண்கொள்ளாக் காட்சியை நான் பார்த்ததில்லை. மோனிஷா அவள் காயப்போட்ட புடவையை இழுத்துக் கீழே போட்டாள். “பரவால்லக்கா, மறுபடி துவைக்கணும்னுதான் இருந்தேன்” என்றாள் சுகிர்தா. கௌதம் போய், “நீ வெக்கிற மீன்குழம்பு நாத்தம் ரெண்டு மாடிக்கு வருது” என்று கத்தினான். “ஐயோ அண்ணே, இனிமே ஜன்னலைச் சாத்திடறேன்” என்றாள். நடுவில் கௌதமுக்கும் மோனிஷாவுக்கும், எப்படித் திட்டுவது என்பதில் வேறு தகராறு வந்து, காது அதைத் தனியாகப் பதிவுசெய்தது.

“உனக்குக் கோவமே வராதாடி?” என்று மோனிஷா அழாத குறையாகக் கேட்டாள்.

“நாள் முழுக்க அடுத்தவங்க கோவத்தைக் கேக்கறதுதான்க்கா என் வேலை. எட்டு மணி நேரம் திட்டு வாங்கிட்டு, சொந்தமா ஒண்ணு எதுக்குன்னு விட்டுட்டேன்.”

நாலு மணி ஆயிற்று. ஒவ்வொருவராகச் சோர்ந்து கீழே போனார்கள். நாலே கால். நான் படிவத்தோடு மேலே ஏறிப்போய் அவள் கதவைத் தட்டினேன். எங்கள் இரண்டு கதவுக்கும் நடுவில், மாடிப்படி முகப்பில், காது தன் சின்ன விளக்கோடு சும்மா இருந்தது.

சுகிர்தா படிவத்தைப் பார்த்தாள். “போட்டுடுங்கக்கா. என்னால எதுக்கு எல்லாருக்கும் கஷ்டம்?” உள்ளே போய்ப் பேனாவையும் எடுத்துவந்து கொடுத்தாள். பேனாவையும் கொடுத்தாள் பாருங்கள்!

என் கையில் பேனா, அவளே கொடுத்த சம்மதம். போட்டிருக்கலாம். ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்காது என்பது ஊரறிந்தது.

“தப்பு என்மேலயும் இருக்குடி” என்றேன். “இந்தக் கணக்கை ஆரம்பிச்சப்போ வாரியத்துலேர்ந்து ஒருத்தர் வந்து சங்கத்துல கேட்டாரு. ‘தகராறே பண்ணாதவங்க யாராவது இருக்காங்களா, இருந்தா வேற மாதிரி எழுதணும்’னாரு. நான்தான் சிரிச்சுட்டேன். அப்படி ஒரு பிறவியே எங்க கட்டடத்துல இல்ல சார், நீங்க தைரியமா எழுதுங்கன்னுட்டேன்.”

“எப்போ?”

“ஆச்சு, அஞ்சு வருஷம்.”

“அப்போ நான் உங்க எதிர் வீட்டுல இருந்தேன்.”

“இருந்தேல்ல... எனக்கு ஞாபகம் வரலம்மா.”

“ஞாபகம் வரலையா?” என்றாள். அப்புறம் இன்னொரு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை சொன்னதில் கீழ்த்தளத்து நாய் எழுந்து நின்றதாக மோனிஷா பிறகு சொன்னாள். “ஞாபகம் வரலையா? ஆறு வருஷம் உங்க மூஞ்சிலதான முழிச்சிட்டிருந்தேன் அப்பவே! உங்களுக்குக் காய்ச்சல்னு கஞ்சி கொண்டு வந்தேனே, அது யாரு? ‘கஞ்சில உப்பு கூடப் போடல, கருமி’ன்னு அடுத்த நாளே நாலு பேர்கிட்ட சொன்னீங்களே, அது யாரைப் பத்தி? என் புருஷன் ஓடிப்போயிட்டான்னீங்க. செத்துப்போனவரை ஓடிப்போக வெச்சீங்க! அதெல்லாம் பேச நான் வேணும். இருக்கேனா இல்லையான்னு ஒருத்தன் கேட்டா மட்டும் நான் இல்லையா?”

“சுகிர்தா, மெதுவா...”

“மெதுவாத்தான பதினோரு வருஷம் இருந்தேன்! ‘எதிர் வீட்டுல ஒரு ஊமைக்கோட்டான் இருக்கு, அது நாள் முழுக்கக் குளிக்குது, அதான் எனக்குத் தண்ணி வரல’ன்னு சொன்னீங்களே! யாரு குளிச்சா நாள் முழுக்க? யாரு கோட்டான்? கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்! எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்!”

கதவை அறைந்து சாத்தினாள். சுவரில் இருந்த விரிசல் இன்னும் ஒரு விரல் நீண்டது.

காதின் விளக்கு சிவப்பாக எரிந்தது. கீழே கைத்தட்டல், விசில். ஹரிணி படிக்கட்டில் பாதி ஏறிவந்து கத்தினாள். “பதிவாயிடுச்சு! அவங்க பேர்லதான்! தகராறு ஒண்ணு, சமாதானம் பூஜ்யம். சீக்கிரம் சேர்ந்துடுங்கம்மா. அஞ்சு மணி வரைக்கும் இப்படியே இருந்தா அவங்க எண் பூஜ்யம். அது நிஜமான எண், பட்டியல் தயங்காம தள்ளிடும்.”

நான் என் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மணி நாலு முப்பத்துமூன்று. இப்போது கையெழுத்துக்கூடத் தேவையில்லை. ஒன்றும் செய்யாமல் இருபத்தேழு நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும். அவள் பெயர் தானாக விழும், நான் நூற்றிருபதாவதாக நிற்பேன். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அத்தனை பேர் காதுபடத் திட்டு வாங்கியவள் நான். அவமானப்பட்டவள் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள் என்றுதான் சொல்வார்கள்.

மோனிஷா வந்து கதவை உடைக்கிற மாதிரி தட்டினாள். “யக்கா! கிண்ணத்தை எடுக்கா! நேரமாவுது!” நான் நாற்காலியை விட்டு எழவில்லை. நாலு நாற்பது. சுவரில் என் வீட்டுக்காரர் படம். அவர் போய் ஒன்பது வருடம். உயிரோடு இருந்திருந்தால் ‘உன் வாய் உன்னை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கு பார்’ என்றிருப்பார்.

கஞ்சி விஷயம் சரி, நாலு பேரிடம் சொன்னேன், அவள் காதுக்குப் போயிருக்கும். புருஷன் விஷயமும் அப்படித்தான். ஆனால் அந்த ஊமைக்கோட்டான்? அதை நான் இந்தக் கட்டடத்தில் ஒரு ஆளிடமும் சொன்னதில்லையே! நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், ஒரே இடத்தில்தான் சொன்னேன். குடிநீர்ப் புகார் எண்ணில். அங்கே எந்த ஊரில் யார் எடுத்தாலும் இயந்திரம் எல்லார் குரலையும் ஒரே தேன்குரலாக மாற்றித்தான் அனுப்பும். அந்தத் தேன்குரலிடம் சொன்னது இவளுக்கு எப்படித் தெரிந்தது?

நாலு நாற்பத்தெட்டு. என் நல்ல மனசுதான் என்னை எழுப்பியது என்று சங்கத்தின் நன்றியுரையில் எழுதியிருக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும். உங்களிடம் சொல்வதற்கென்ன. அந்த ஒரு விஷயம் தெரியாமல் செய்யாறில் இல்லை, சொர்க்கத்தில் வீடு கொடுத்தாலும் எனக்குத் தூக்கம் வராது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

திறந்தாள். கண் சிவந்திருந்தது.

“காப்பித்தூள் இருக்கா?” என்றேன்.

கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “எவ்வளவு?”

“ரெண்டு ஸ்பூன்.” காது ஒரு நிமிடம் கேட்க வேண்டுமே. “அந்தக் கோட்டான் விஷயம் உனக்கு யாருடி சொன்னது?”

அவள் நிமிர்ந்து, தன் குரலே இல்லாத ஒரு தட்டைக் குரலில், ஒரு சொல் பிசகாமல் சொன்னாள்:

“தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. தங்களுக்கு வேறு ஏதேனும் உதவி தேவையா?”

“நீயா?”

“உங்க பகுதி அழைப்பெல்லாம் எனக்குத்தான்க்கா வரும். வாரத்துக்கு மூணு தடவை. முதல் ரெண்டு நிமிஷம் தண்ணி. அப்புறம் முட்டி வலி, உங்க பையன் போன் பண்ணாதது, மாமா போன நாள். இருபது நிமிஷம் ஆனா எனக்கு மேலேர்ந்து திட்டு வரும்.”

“பதினோரு வருஷமாவா? ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?”

“சொல்லியிருந்தா நீங்க அப்புறம் கூப்பிட்டிருக்க மாட்டீங்களே.”

கிண்ணத்தை நீட்டினேன். “உப்பு நிஜமாவே இல்லடி அந்தக் கஞ்சில” என்றேன்.

“காய்ச்சல்காரங்களுக்கு நாக்குல ருசி தெரியாதுக்கா” என்றாள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நிறையவே போட்டுக்கொண்டுவந்தாள்.

காதின் விளக்கு பச்சையானது. நாலு ஐம்பத்துநான்கு.

ஐந்து மணிக்குக் கீழ்த்தளத்துத் திரையில் பட்டியல் தன்னைத் தானே கலைத்துக்கொண்டு அடுக்கியது. ஒரு தகராறு, ஒரு சமாதானம். நூற்றுக்கு நூறு. முதல் பெயர் சுகிர்தா.

“அடிப்பாவி! ஒரே ஒரு சண்டை போட்டு ஃபர்ஸ்ட்டா?” என்று மோனிஷா கத்தினாள். “நான் எத்தினி வருசமா தொண்டை கிழியக் கத்துறேன்!” கத்திக்கொண்டே அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கௌதம் பன்னிரண்டாவது. மோனிஷா தொண்ணூற்றொன்று. சுகிர்தா சாவி இயந்திரத்தில் கை வைத்தாள். பச்சை. ஒரு பெரிய மூச்சு விட்டாள். நாங்களும் விட்டோம்.

பிறகு அவள் பட்டியலைக் கடைசிவரை படித்தாள். புகார் வாங்குகிற புத்தி. நூற்றிருபதோடு ஒரு கோடு. அதற்குக் கீழே முதல் பெயர் என்னுடையது. ஹரிணியைப் பார்த்தாள், என் இடுப்பில் மடித்த படிவத்தைப் பார்த்தாள்.

“அக்கா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“எனக்கு இந்த ஊர்ச் சத்தமே ஒத்துக்கறதில்ல” என்றேன். “செய்யாறுல காத்து நல்லா இருக்குமாம்.”

காற்று நன்றாகத்தான் இருந்தது. காற்று மட்டும்தான் இருந்தது. அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில்கூட இல்லை. அங்கே யாரோடு சண்டை போடுவது, யாரைப் பற்றி யாரிடம் பேசுவது? மூன்றாம் நாள் புகார் எண்ணுக்கு அழைத்தேன். தேன்குரல் எடுத்தது.

“தண்ணீர் வரலைங்க” என்றேன்.

“செய்யாறு எங்க பகுதியே இல்லக்கா, உங்க போன் இன்னும் பழைய விலாசத்துலயே பதிவாயிருக்கு” என்றது தேன்குரல். “சரி, சொல்லுங்க. முட்டி எப்படி இருக்கு?”

அப்படித்தான் எனக்கு எல்லாச் செய்திகளும் வந்தன. புது வீடு தேர்ந்தெடுக்கும்போது, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவே கூடாது என்று மோனிஷா இரண்டாம் மாடியையும் கௌதம் எட்டாம் மாடியையும் எடுத்தார்களாம். லிஃப்ட் இன்னும் ஓடாத நேரம், எட்டு மாடிக்கும் இரண்டு மாடிக்கும் நடுவே கிண்ணத்தோடு ஏறி இறங்கி மூன்றே வாரத்தில் இருவருக்கும் முழங்கால் போய்விட்டது. இருபத்தாறாம் நாள் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்று அங்கேயே தகராறு. அங்கே காது இல்லாததால் பதிவாகவில்லை. நான்தான் ஆறு மாதமாகச் சொன்னேனே.

ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடுதான். மோனிஷா இரண்டாம் மாடியை விடமாட்டேன் என்றுவிட்டாள். கௌதமின் எட்டாம் மாடி வீடு காலியானது. பட்டியலில் கோட்டுக்குக் கீழே இருந்த முதல் பெயர் மேலே ஏறியது.

ஹரிணி மாற்றல் வாங்கிக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டாள். போகுமுன் நிரலில் ஒரு வரி சேர்க்க வைத்துவிட்டுத்தான் போனாள். இனிமேல் தகராறே இல்லாதவருக்கு நூறு. இதுவரை அந்த வரி யாருக்கும் பயன்படவில்லை. சுகிர்தாவுக்கும் இல்லை. ருசி கண்டுவிட்டாள். இதுவரை ஏழு ஆரம்பித்திருக்கிறாள், அதில் ஐந்து என்னோடு.

எட்டாம் மாடியில் எனக்கு எதிர் வீடு யாருடையது என்று கேட்கிறீர்களா? முதல் பெயர்க்காரி, நூற்றிருபது வீடுகளில் எதை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். எங்கள் பழைய மாடியைப் போலவே கதவுக்குக் கதவு நேராக இருக்கிற வீடாகத் தேடி எடுத்திருந்தாளாம். நான் பெட்டியோடு லிஃப்டை விட்டு இறங்கியபோது, கையில் கிண்ணத்தோடு அந்தக் கதவில் நின்றுகொண்டிருந்தாள்.